கடல் எட்டாத வீடு

தோழிகளே, ஒரு மாதமாக நம் பள்ளிக்கூடக் குழுவில் நீங்கள் அனுப்பிக்கொண்டிருக்கும் படங்களை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சென்னை மூழ்கப்போகிறது, குடிதண்ணீர் தீரப்போகிறது, அடுத்த நோய் கிளம்பப்போகிறது. ஆகவே அறுபதைத் தொட்டுவிட்ட நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு மேட்டு நிலம் வாங்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, உள்ளே கிடங்கில் அரிசியும் மாத்திரையும் அடுக்கி, மிச்சக் காலத்தைப் பத்திரமாக ஓட்டிவிட வேண்டும். ஏற்காடா, ஏலகிரியா என்று அடித்துக்கொண்டு கடைசியில் திருத்தணியில் வந்து நிற்கிறீர்கள். மலை இருக்கிறது, ரயில் இருக்கிறது, கடல் தூரம். நான் அங்கே கொஞ்ச காலம் இருந்தவள் என்பது உங்களில் யாருக்கோ ஞாபகம் வந்து என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறீர்கள்.

அபிப்பிராயம் இருக்கிறது. ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பி முடித்துவிடுகிற அபிப்பிராயம் இல்லை. நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைக்கும் ஒவ்வொன்றையும், ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்து எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு வெற்றிலை கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

நாம் ஏழாவது படித்த வருஷம், ஆந்திராக் கரையில் புயலோடு கடல் ஊருக்குள் ஏறிவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் துணிமணி சேர்த்தோம். என் கவுன் ஒன்றும் போயிற்று. அது ஊரெல்லாம் துக்கப்பட்ட சமயம். எங்கள் நைனா துக்கப்படவில்லை, பயந்தார். துறைமுகத்தில் குமாஸ்தா அவர். கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபது வருஷம் சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தவர். அந்த வாரத்திலிருந்து கடல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாராம். அதை அவரே பெருமையாகச் சொன்னார்.

அவரைப் பிடித்து ஆட்டியது கப்பல்கார மாமா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கப்பலில் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், கரைக்கு வந்ததும் மாலுமி ஆகிவிட்டார். நியூஸ் பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு, "பாவா, கடல் ஒருவாட்டி ருசி பாத்துடுச்சின்னா வுடாது. அடுத்தது நம்ம ஊருதான்," என்பார். கடல் மட்டும் போதவில்லை அவருக்கு. யுத்தம் வரும், பஞ்சம் வரும், காலரா வரும், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன என்பார். நைனா தலையை ஆட்டுவார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு பளபளப்பு இருக்கும். ஊரில் மற்றவர்கள் எல்லோரும் சாகப்போகிறார்கள், நமக்கு மட்டும் முன்னாலேயே தெரிந்துவிட்டது என்கிற பளபளப்பு. இப்போது உங்கள் செய்திகளைப் படிக்கும்போது அந்த முகங்கள்தான் கண்ணில் நிற்கின்றன.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் பார்க்கக் கிளம்பினார்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு ஆண்கள் ஊர் ஊராக நிலம் விசாரித்தால் விலையை ஏற்றிவிடுவார்களாம். கூட ஒரு பெண்குழந்தை இருந்தால் கோயிலுக்குப் போகிறவர்கள் மாதிரி இருக்குமாம். ஆக நான் ரிப்பன் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, உலகம் அழியும்போது குடியேறத் தோதான இடத்தைத் தேடிப் போனேன்.

முதலில் மணவூர். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் கண்ணுக்கெட்டிய வரை பச்சை வயல். ஈர மண் வாசனையும் நாற்று வாசனையும் கலந்து வந்தது. வரப்பில் நின்ற ஒரு விவசாயி, யார் எவர் என்று கேட்காமல் வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார். அவர் வீட்டம்மா எனக்கு வேர்க்கடலை அவித்துக் கொடுத்தாள். மாமா ஏரிக்கரையைக் காட்டி, தண்ணீர் எதுவரை வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். திரும்பி வரும்போது ரயிலில் நைனா சொன்னார்: "ரொம்ப நல்லவங்களா இருக்காங்க. பஞ்சம் வந்தா மொதல்ல போறது இவங்கதான்." அந்தக் கடலைத் தோலை நான் இன்னும் என் கவுன் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். மணவூர் தள்ளுபடி.

அடுத்து கனகம்மாசத்திரம். திருப்பதி ரோட்டில் இருக்கிறது. டீக்கடை, பூக்கடை, பஸ் நிற்கும்போதெல்லாம் வெள்ளரிப் பிஞ்சுக் கூடையோடு ஓடும் பெண்கள். எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. மாமா ரோட்டின் நடுவில் நின்று கையை அகல விரித்து, மெட்ராஸ் மூழ்கினால் மொத்த ஜனமும் இந்த வழியாகத்தான் நடந்து வரும், முதல் ராத்திரியே நம் வீட்டைப் பிய்த்துத் தின்றுவிடும் என்றார். அதுவும் தள்ளுபடி. அரக்கோணத்தில் ரயில்வே ஜங்ஷனும் உண்டு, வெள்ளைக்காரன் போட்ட பழைய விமான ஓடுபாதையும் உண்டு. ஆகவே எதிரி முதல் குண்டை அங்கேதான் போடுவான். ஸ்டேஷனில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஊருக்குள் ஒரு அடி வைக்காமல் திரும்பினோம்.

திருத்தணியில் மலைமேல் ஏறினோம். மேலே காற்று விபூதியும் சந்தனமும் குரங்கு மூத்திரமுமாக வீசியது. இருவரும் மதில் ஓரமாக நின்று கிழக்கே பார்த்தார்கள். "கடல் இங்க ஏறணும்னா மொதல்ல மெட்ராஸ முழுசா குடிக்கணும் பாவா," என்றார் மாமா. நைனா திருப்தியாகச் சிரித்தார். நம் வீடு, நம் பள்ளிக்கூடம், நீங்கள் எல்லோரும் அந்த ஒரு மடக்கில் போனீர்கள். சன்னதி திறந்துதான் இருந்தது. இருவரும் உள்ளே போகவில்லை.

ஊருக்கு வெளியே, பாறைச் சரிவில், ஒரு ஓட்டு வீடும் கொஞ்சம் மேட்டுக்காடும் விலைக்கு வந்தன. சுற்றி வீடே இல்லை. அதுதான் அதன் சிறப்பு என்றார்கள். இந்த விவரமெல்லாம் கேட்ட பிறகு அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள், தண்ணீர் எங்கே எடுப்பது என்று. மாமா வாய்விட்டுச் சிரித்தார். தண்ணிக்குப் பயந்துதானே அக்கா போறோம் என்றார். நைனாவும் சிரித்தார். போன இடத்தில் எல்லாம் வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்று விசாரித்தவர்கள், ஒரு இடத்திலும் கிணற்றின் ஆழத்தைக் கேட்கவில்லை.

முழுப்பரீட்சை முடிந்ததும் வீட்டைக் கலைத்தார்கள். நைனா வேலையை விட்டார். அம்மாவின் தையல் மெஷின் போயிற்று. எங்கள் தெரு முழுக்க அம்மா தைத்த ரவிக்கைதான், உங்கள் அம்மாக்களில் இரண்டு மூன்று பேர்கூடப் போட்டிருப்பார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அந்த மிதிகட்டை தடதடவென்று ஓடும் சத்தத்தில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை அதற்கு. ஊரே அழிந்த பிறகு ரவிக்கை எவளுக்கு என்றார் நைனா. மெஷினைத் தூக்கிக்கொண்டு போனவன் வண்டியில் அதைப் படுக்கவைத்தபோது சக்கரம் தானாகச் சுற்றியது. அம்மா அதை நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைவிடப் பெரிய கொள்ளை என் அக்காவுக்கு நடந்தது. அக்கா பியூசி முடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கியிருந்தாள். ஆனியில் சேர வேண்டும். நைனா கூடாது என்றுவிட்டார். இருக்கப்போவதில்லை என்று தெரிந்த ஊரில் போய்ப் படிப்பார்களா? நர்ஸ் தெரிந்த பெண் நம்மோடு இருந்தால் நமக்குத்தான் நல்லது என்று மாமா ஒரு யோசனை சொன்னார். ஆனால் அதற்கு அவள் முதலில் படிக்க வேண்டும் என்பது அந்த இரண்டு மூளைக்கும் எட்டவில்லை. அக்கா அழவில்லை. இடம் கிடைத்த கடிதத்தை மடித்துத் தன் பெட்டியின் அடியில் வைத்தாள், அவ்வளவுதான்.

சித்திரை வெயிலில் குடிபோனோம். கப்பல்கார மாமா வரவில்லை. அடுத்த மாசம் வருகிறேன் என்றார். அதற்கடுத்த மாசமும் அதையே சொன்னார். கடலை அடுத்த தெருவில் இருந்த தன் வீட்டை அவர் கடைசிவரை விடவே இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை வந்து எங்கள் கிடங்கைப் பார்வையிட்டு, எங்கள் அரிசியில் சாப்பிட்டு, இன்னும் மண்ணெண்ணெய் வாங்கிப் போடச் சொல்லிவிட்டு, சாயங்கால வண்டியில் கடலோரத்துக்குத் திரும்பிப் போவார்.

அந்த வீட்டில் இரண்டு அறை. பெரிய அறை மூட்டைகளுக்கு. சின்ன அறையில் நாங்கள் நான்கு பேர். அரிசி, துவரை, உப்பு, புளி, வெல்லம், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய் டின்கள். உட்கார்ந்தால் மண்ணெண்ணெய் வாசனை, சோற்றிலும் மண்ணெண்ணெய் வாசனை. வெல்லத்தைத் தேடி எறும்பு வந்தது, அரிசியில் வண்டு வந்தது. கூரை ஓட்டை விலக்கிக்கொண்டு குரங்கு வந்தது. நைனா எதிர்பார்த்துக் காத்திருந்த எவரும் வரவில்லை.

கிணறு வெட்ட ஆரம்பித்து, என் இடுப்பளவு போனதும் பாறை வந்தது. ஆகவே அம்மாவும் அக்காவும் நானும் காலையிலும் மாலையிலும் குடத்தோடு சரிவில் இறங்கினோம். கீழே பம்ப்செட் ரிப்பேர் செய்யும் ஒரு பாய் குடும்பம் இருந்தது. அவர்கள் வீட்டுக் கிணற்றில்தான் எடுத்தோம். முதல்நாள் அம்மா தயங்கி நின்றபோது பாய் வீட்டம்மா, "கெணத்துல தண்ணி ஊறிகினே இருக்குது, நீங்க ஒரு கொடம் எடுத்தா கொறைஞ்சிடுமா? இத்த போயி கேப்பாங்களா," என்று தன் கயிற்றையே கொடுத்தாள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அங்கே போனால் அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவாள். அந்த நேரம் மட்டும்தான் அவள் முகம் ராயபுரத்து முகமாக இருக்கும்.

நைனாவுக்கு அது பொறுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரோடும் பழகக் கூடாது, கிடங்கில் என்ன இருக்கிறது என்று மூச்சுவிடக் கூடாது என்பது அவர் சட்டம். புதுப் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்லி எனக்குப் பாடம் வேறு. நான் அதைச் சரியாகச் சொன்னேன். பரிதாபப்பட்டு ஒரு பெண் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தாள். ஒருநாள் நைனா, நிலைமை முற்றினால் அந்த பாய் குடும்பம்தான் முதலில் நம் வாசலில் வந்து நிற்கும் என்றார். அம்மா இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள்.

"இப்ப நாமதான தெனம் அவங்க வாசல்ல போய் நின்னுகினு இருக்கறோம்," என்றாள்.

நைனா அதைக் காதில் வாங்கவில்லை. கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒருநாளும் ஒரு குடம் தண்ணீர் தூக்கியவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். திட்டம் போடுகிறவர்கள் தண்ணீர் தூக்குவதில்லை. நீங்கள் குழுவில் அனுப்பிய வீட்டு வரைபடத்தில் சமையலுக்கு என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறீர்கள், யார் சமைப்பது என்று போடவில்லை. அதைப் பார்த்துத்தான் இந்த எழுத்தை ஆரம்பித்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அந்த ஊரின் ஆடிக் கிருத்திகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரயிலிலும் பஸ்ஸிலும் நடந்தும் ஜனம் வந்துகொண்டே இருக்கும். மஞ்சள் துணி, பூக்காவடி, பம்பைச் சத்தம், மொட்டைத் தலையில் அப்பிய சந்தனம். பாதி சனம் தெலுங்கு பேசும். புஷ்கரணிப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. நான் அதற்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நைனாவோ ஜன்னல்களுக்குக் கோணி அடித்தார். இவ்வளவு கூட்டம் ஒரே இடத்தில் சேர்ந்தால் சாப்பாடு தீரும், தீர்ந்தால் மேட்டைப் பார்த்து வருவார்கள், எல்லாம் முடிகிறவரை யாரும் வெளியே தலை காட்டக் கூடாது என்றார். குடங்களை நிரப்பி வைக்கச் சொன்னார். நிரப்பியது நாங்கள்தான்.

உள்ளே பகலிலேயே இருட்டு. கோணியில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. அதன் வழியாக நான் திருவிழாவைப் பார்த்தேன். தூரத்துப் பாதையில் காவடிகள் ஆடிக்கொண்டு போவது விரல் அளவுக்குத் தெரிந்தது. அரோகரா என்ற சத்தம் அலை அலையாக வந்தது. நைனா ஒவ்வொரு சத்தத்துக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் ஒரு கடப்பாரை.

கிருத்திகை அன்று உச்சி வெயிலில் கதவு தட்டப்பட்டது. வழி தப்பி எங்கள் சரிவில் ஏறிவிட்ட ஒரு பெண். கிழிசல் வழியே எனக்குத் தெரிந்தாள். புது மொட்டை, சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை. அதற்கும் மொட்டை. குழந்தை அழுது அழுது சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "கொஞ்செம் நீள்ளு இவ்வண்டம்மா," என்று மெதுவாகத் தெலுங்கில் தண்ணீர் கேட்டாள். நைனா வாயில் விரலை வைத்து எங்களை அடக்கினார். அவள் மறுபடியும் கேட்டாள். உள்ளே நான்கு பேரும் நான்கு நிறைகுடங்களும் இருந்தோம். அவள் போய்விடுவாள் என்று நைனா சைகை காட்டினார்.

அம்மா எழுந்தாள். நைனா கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைக் கொடியில் தொங்கும் துணியை விலக்குவதுபோல விலக்கிவிட்டு, அவர் போட்ட இரண்டு தாழ்ப்பாள்களையும் திறந்தாள். வெளிச்சம் உள்ளே கொட்டியது. அந்தப் பெண்ணை நிழலில் உட்காரவைத்து, குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பிறகு வெல்லம் கரைத்துக் கொடுத்தாள். கிடங்கிலிருந்து வெளியே வந்த முதல் வெல்லம் அதுதான். அவளைத் தேடி அவள் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தாள். மேட்டில் ஒரு வீட்டில் தண்ணீர் தருகிறார்கள் என்று தெரிந்து இன்னும் சிலர் வந்தார்கள். அக்காவும் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் போனேன். வந்தவர்கள் குடித்தார்கள், கும்பிட்டார்கள், போனார்கள். ஒருவரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். நைனா கதவுக்குப் பின்னால் கடப்பாரையோடு நின்றிருந்தார்.

கடைசிக் குடமும் தீர்ந்ததும் அம்மா அதை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"காலியாயிடுச்சி. போய் எடுத்துகினு வாங்க," என்றாள்.

அவர் குடத்தைப் பார்த்தார். கதவுக்கு வெளியே பார்த்தார். "கூட்டத்துல எப்டி போறது," என்றார்.

மறுநாள் காலையில் அம்மா எங்கள் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டினாள். நைனா கோபிக்கவில்லை, கத்தவில்லை. எல்லாரும் செத்துப்போவீங்க என்று மட்டும், ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். நாங்கள் இறங்கும்போது பாய் வீட்டம்மா வழியில் சாப்பிடச் சப்பாத்தி சுருட்டிக் கொடுத்தாள். மொட்டைத் தலைகள் நிறைந்த வண்டியில், யாரோ நகர்ந்து இடம் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து மெட்ராஸுக்கு வந்தோம். வண்ணாரப்பேட்டையில் பெரியம்மா வீட்டில் இறங்கினோம். அம்மா ஒரு தையல் கடையில் கூலிக்கு உட்கார்ந்தாள். அக்காவின் இடம் போய்விட்டிருந்தது. அடுத்த வருஷம் மறுபடி மனுப் போட்டுச் சேர்ந்தாள்.

நைனா அங்கே தனியாக இருந்தார். மூட்டைகள் நடுவில், வரப்போகிறவர்களுக்காக. கடைசியில் அரிசியை விற்கப் பார்த்தார். வண்டு அரித்த பழைய அரிசியை யாரும் வாங்கவில்லை. ஒரு கோழிப்பண்ணைக்காரர் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம். எங்களைத் தவிர அந்த அரிசியில் முழு வயிறு சாப்பிட்டவர்கள் கப்பல்கார மாமாவும் கோழிகளும்தான். மாமா பல வருஷம் கழித்து, கடல் காற்று வீசும் தன் வீட்டுக் கட்டிலில் நிம்மதியாகத் தூக்கத்தில் போனார்.

நைனாவுக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு. நினைவு தப்பிக் கிடந்தவரை பாய்தான் ரயிலேற்றிக் கூட்டிவந்து அக்காவின் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் அடுத்த வண்டிக்குத் திரும்பினார். அக்கா அப்போது பயிற்சியில் இருந்தாள். வெள்ளை உடுப்பு, தலையில் தொப்பி. தன் முறை முடிந்த பிறகும் நின்று அவருக்கு உடம்பு துடைத்தாள், கஞ்சி புகட்டினாள், எச்சில் துணி அலசினாள்.

அவர் தெளிந்து எழுந்து உட்கார்ந்த அன்று நானும் அம்மாவும் போயிருந்தோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், இந்தப் பெண் உங்களை இப்படிக் கவனிக்கிறாளே, சொந்தமா என்று விசாரித்தார்.

"எம் பொண்ணு," என்றார் நைனா. குரலில் பழைய பளபளப்பு வந்துவிட்டிருந்தது. "நாந்தான் நர்ஸுக்குப் படிக்க வெச்சேன். எல்லாம் முன்னாடியே யோசிச்சி வெச்சிகினு செஞ்சதுங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். அக்கா காதில் விழாதவள்போலப் போர்வை ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரியவர் படுத்தபடியே கைகூப்பி, நீங்க குடுத்து வெச்சவர்ங்க என்றார்.

நைனா தலையணையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, "ஆங்," என்றார்.